தவளைகள் நலம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தங்கை மணிமொழி தென்காசிக்குக் குடிபோய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அவள் விட்டுப்போனவை: வார் அறுந்த செருப்பு ஒரு ஜோடி, ஓரம் உடைந்த பழைய செல்போன், ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் இரண்டு தவளைகளும் ஒரு கூட்டம் சிவப்பு இறால்களும்.

"உனக்குத் துணைக்கு இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெரம்பூரில் எந்தத் தெருவில் கேட்டாலும் பி.டி. டீச்சர் பூங்கோதையைத் தெரியும். என் விசில் சத்தத்துக்கு மைதானமே நிமிர்ந்து நிற்கும். மே மாதம் ரிட்டயர் ஆனேன். ஜூலையில் எனக்குத் துணை தவளை. நல்ல முன்னேற்றம்தான்.

தவளை என்றால் மழைக்குக் கத்துகிற தவளை இல்லை. கட்டைவிரலில் பாதிதான் இருக்கும். தரைக்கே வராத ஜாதி. எந்நேரமும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும், மூச்சுவிட மட்டும் தடதடவென்று மேலே வந்து மூக்கை நீட்டிவிட்டுத் திரும்பவும் அடிக்குப் போய்விடும். கண் சரியாகத் தெரியாது. சாப்பாட்டை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே கொண்டுபோய்க் காட்டவேண்டும். அதுவும் எட்டிக் கவ்வும்போது பாதி நேரம் இடுக்கியைத்தான் கவ்வும். சிந்தியதை இறால்கள் வந்து பொறுக்கிக்கொள்ளும்.

தவளையையும் இறாலையும் ஒரே தொட்டியில் வைக்கலாமா கூடாதா என்று மணி ஏதோ வாட்ஸ்அப் குழுவில் கேட்டாளாம். எல்லோரும் கூடாது என்றார்களாம். தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஒருவர் மட்டும், பாசி நிறைய வைத்தால் தாராளமாக வைக்கலாம், குட்டி இறால் ஒளிந்துகொள்ளும் என்றாராம். பெண்சாதியை இழந்தவர். பேச்சு பாசியில் ஆரம்பித்து பதிவுத் திருமணத்தில் முடிந்தது. ஐம்பது வயதுக்காரிக்கு இந்தத் தொட்டிதான் தரகர் வேலை பார்த்தது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் தொட்டிக்கடியில் ஒரு இறால் செத்துக் கிடந்தது. வெளிறிப்போய், கால் மீசையெல்லாம் அப்படியே இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மணி வழக்கம்போலப் போன் செய்தாள்.

"அக்கா, தவளை எப்படி இருக்கு?"

"தவளைக்கென்ன. உன் இறால்தான் ஒண்ணு போயிடுச்சு."

விவரம் கேட்டுவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தாள். அது இறால் இல்லையாம், இறால் கழற்றிப்போட்ட சட்டையாம். வளர வளரப் பழைய ஓட்டை அப்படியே உரித்துப் போட்டுவிட்டுப் போய்விடுமாம். "அதை எடுக்காதே, அதையே தின்னும்" என்றாள். குப்பையில் போட்டதைப் பொறுக்கி எடுத்துக் கழுவித் திரும்பப் போட்டேன். என் நிலைமை இப்படி ஆகிவிட்டது.

பின்னால் அந்த ஆளும் சிரிக்கும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எதிர்வீட்டு லோகநாயகி வந்திருந்தாள். "ஆடிக்குத் தங்கச்சிய அழைச்சுட்டு வரலையா?" என்று கேட்டாள். புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடியில் பிறந்த வீட்டுக்கு அழைக்கவேண்டுமாம். எனக்குத் தெரியாதா. அதெல்லாம் சின்னஞ்சிறுசுகளுக்கு. தலைக்கு டை அடிக்கிற பெண்ணுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன என்றேன்.

"கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு நீ சொல்லவே இல்லியே" என்றாள்.

"பரிமாறினாங்க" என்றேன். அது உண்மைதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தண்ணீர் மாற்றினேன். குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் பிடித்துவைத்து குளோரின் மருந்துவாடை போனபிறகுதான் ஊற்றவேண்டும். தவளைக்கு இருக்கிற கவனிப்பு எனக்கு இல்லை. காலையில் ரசம் வைக்கச் சோம்பல்பட்டு மோர் சாதத்தோடு விட்டுவிட்டேன்.

ஆண் தவளை நேற்றிலிருந்து ஒரு சத்தம் போடுகிறது. கத்தல் இல்லை, முனகல் மாதிரி ஒரு ரீங்காரம். முதலில் ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று நினைத்து பிளக்கைப் பிடுங்கினேன்.

சாயங்காலம் மணி சம்பந்தமில்லாமல் ஒன்று சொன்னாள். "அக்கா, தீபாவளிக்கு ரயில் டிக்கெட் இன்னைக்குக் காலைல ஓப்பன் பண்ணாங்களாம். அஞ்சு நிமிஷத்துல எல்லாம் காலியாம்."

"நான் எந்த ஊருக்குப் போகப்போறேன்?"

"இல்ல, சும்மா சொன்னேன்."

எங்கே நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்து நின்றுவிடுவேனோ என்று பயம்போல. வரமாட்டேன் தாயே, நிம்மதியாக இரு.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெண் தவளை செத்துவிட்டது.

நேற்று சாயங்காலம் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சமையலறை மேடையில் வைத்திருந்தேன். இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன். மூடியைச் சரியாக மூடவில்லை. இன்று பெருக்கும்போது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கிடைத்தது, மோர்மிளகாய் வத்தல் மாதிரி. இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எங்கே போகப் பார்த்தது என்று தெரியவில்லை. கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தேன்.

எதற்கு அப்படி ஓடினேன்? எடுக்காவிட்டால் அவள் திரும்ப அடிக்கமாட்டாளா?

சாயங்காலம், "தவளை எப்படி இருக்குக்கா?"

"நல்லா இருக்கு. ரெண்டும்."

ரெண்டும் என்று அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்துச் சொன்னேன்.

செப்டம்பர் 4, வியாழன்

செத்துவிட்டது என்று சொன்னால் அழுவாள். அழட்டும், அதைச் சமாளித்துவிடலாம். ஆனால் ஒன்று போனால் இன்னொன்றும் போகும். இரண்டும் போனபிறகு, தினம் எதைக் கேட்பதற்கு இந்த வீட்டுக்குப் போன் செய்வாள்? நாலு நாளைக்கு ஒருதரம் என்று ஆகும். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று ஆகும். எத்தனை குடும்பத்தில் பார்த்திருக்கிறேன்.

நாள் முழுக்க நான் பேசுவது அந்த ஒரு போனில்தான். பால்காரன் பையை மாட்டிவிட்டுப் போய்விடுகிறான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கொளத்தூர் போனேன். தெரு முழுக்க வளர்ப்பு மீன் கடை. கடை கடையாகத் தவளை தவளை என்று கேட்டுக்கொண்டு போனது எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் ஒரு கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் காட்டினான்.

"இது கொஞ்சம் பெரிசா இருக்கே தம்பி?"

"நல்லாச் சாப்பிட்ட பீஸ் மேடம். அதே ஐட்டம்தான்."

"இறால் கூட இருக்குமா?"

"ஃபிரெண்ட் ஆயிடும் மேடம்."

தண்ணீர்ப் பையில் போட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

புதியவனுக்கு நல்ல உடற்கட்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவன் மாதிரி இருக்கிறான். பழையவனுக்குக் காட்டுகிற புழுவையும் வந்து பிடுங்கிக்கொள்கிறான். என் பள்ளிக்கூடமாக இருந்தால் மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடவிட்டிருப்பேன்.

இறால்கள் எல்லாம் பாசிக்குள் ஒளிந்துகொண்டன. கூச்சம் தெளிந்ததும் வெளியே வரும்.

செப்டம்பர் 18, வியாழன்

தவளைகள் நலம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 22, திங்கள்

பாசியை எல்லாம் கையால் விலக்கிப் பார்த்தேன். இறால் ஒன்றுகூட இல்லை. சட்டையும் இல்லை.

புதியவன் தொட்டி மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்காலைப் பார்த்தேன். பழையவனுக்கு நாலு காலிலும் விரல்களுக்கு நடுவே தோல் இருக்கிறது. இவனுக்கு முன்கால் விரல்கள் தனித்தனியாக, மனுஷன் கை மாதிரி இருக்கின்றன. அந்தக் கையால் சாப்பாட்டை வாய்க்குள் அள்ளித் திணிக்கிறான். அதே ஐட்டம் என்றானே பாவி.

பழையவனைத் தனியாக ஒரு குண்டானில் மாற்றவேண்டும். நாளைக்குச் செய்கிறேன். இன்று முட்டி வலி.

செப்டம்பர் 23, செவ்வாய்

மூடி மூடியபடியே இருக்கிறது. டார்ச் அடித்து ஃப்ரிட்ஜ், பீரோ, சோஃபா எல்லாவற்றுக்கும் அடியில் பார்த்துவிட்டேன். தரை சுத்தமாக இருக்கிறது.

புதியவன் வயிறு இருக்கிற இருப்பைப் பார்த்தால் தெரிகிறது. இதற்குமேல் எழுதமாட்டேன்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் சோம்பல்பட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

"அக்கா, ஒரு வீடியோ அனுப்பேன். பாக்கணும்போல இருக்கு" என்றாள்.

சார்ஜ் இல்லை, வெளிச்சம் போதவில்லை என்று ஏதேதோ சொன்னேன். பிறகு அவள் விட்டுப்போன பழைய செல்போன் ஞாபகத்துக்கு வந்தது. சார்ஜ் போட்டுத் திறந்தால் முழுக்கத் தவளைதான். தவளை நீந்துவது, தவளை தூங்குவது, தவளை முதுகில் இறால் ஏறி உட்கார்ந்திருப்பது. ஒன்றை என் போனுக்கு மாற்றி, சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன். பி.டி. டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்று ஸ்டாஃப் ரூமில் பேசியவர்கள் இதைப் பார்க்கவேண்டும்.

"அழகா இருக்குக்கா" என்று எழுதி ஒரு இதயம் போட்டிருந்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்றும் ஒரு வீடியோ. இன்றும் ஒரு இதயம்.

அக்டோபர் 12, ஞாயிறு

லோகநாயகி முறுக்கு மாவு அரைத்துக்கொண்டு போகிற வழியில் உள்ளே வந்தாள்.

"தலை தீபாவளிக்குத் தங்கச்சி வர்றாளா?"

"வரணும்னா வருவா. அவ வீடுதானே."

"அதெப்படி கோதை வருவா? பொறந்த வீட்டுல கூப்பிடாம மாப்பிள்ளை எப்படிப் படி ஏறுவாரு? உங்கம்மா இருந்தா உங்கம்மா கூப்பிடுவாங்க. இப்ப நீதானே எல்லாம்." மாவுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணத்துலயே நீ கை நனைக்காம வந்துட்டியாமே" என்றாள்.

"தலைவலி."

"சரி, தலைவலி. இப்ப கூப்பிடறதுக்கு என்ன?"

அவளிடம் என்னவென்று சொல்வது? கூப்பிட்டால் வருவாள். எனக்குத் தெரியும், ஓடி வருவாள். வந்தால் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பாள். அதில் அந்தத் தடியன் மட்டும் உட்கார்ந்திருப்பான். ஒரு மாதமாக நான் சொன்ன அத்தனை பொய்யும் அவன் வயிற்றில் இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுபடியும் கொளத்தூர். இந்த முறை விரல் பார்த்து வாங்குவது என்று போனேன். குட்டித் தவளை எந்தக் கடையிலும் இல்லை. "தீபாவளி கழிச்சுதான் லோடு வரும் மேடம்" என்கிறார்கள். இறால் மட்டும் கிடைத்தது. வாங்கி என்ன செய்வது, தடியனுக்குத் தீபாவளி விருந்தா?

வெறுங்கையோடு திரும்பினேன். பஸ்ஸில் எல்லோர் மடியிலும் ஜவுளிக்கடைப் பை இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

இன்று நானே போன் செய்தேன். அவள் செய்யும்வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும்.

"மணி, தவளை ரெண்டும் செத்துப்போச்சுடி. இறாலும் இல்ல. கடைக்காரன் ஏமாத்திக் குடுத்த வேற ஜாதித் தவளை ஒண்ணு எல்லாத்தையும் தின்னுட்டு உக்காந்திருக்கு."



"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ அனுப்பின வீடியோ எல்லாம் நான் எடுத்ததுதானே. ஓரத்துல என் வளையல் தெரியுது. முதல் வீடியோலயே தெரிஞ்சுபோச்சு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்புறம் ஏண்டி தினமும் தவளை எப்படி இருக்குன்னு கேட்டே?"

"வேற என்னத்தக் கேக்கச் சொல்றே? நீ எப்படி இருக்கேன்னு கேட்டா, எனக்கென்னன்னு சொல்லிட்டு வச்சிருவே. தவளையைக் கேட்டாதான் ரெண்டு வார்த்தை பேசறே."

இந்த வயதில் நான் எதற்கும் அழுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவள் தவளைக்காகத்தான் போன் செய்கிறாள் என்று நினைத்து நான் செத்த தவளையைக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் செய்திருக்கிறாள். தினமும். நான்தான் அதை ஒருநாள்கூடப் புரிந்துகொள்ளவில்லை.

"தீபாவளிக்கு வாடி" என்றேன். "தலை தீபாவளி. ரெண்டு பேரும் வாங்க. நான் கூப்பிடறேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"பொதிகைல ரெண்டு டிக்கெட் போட்டு வச்சிருந்தேன்க்கா. ஓப்பன் பண்ண அன்னைக்கே. நீ கூப்பிடுவே, கூப்பிடுவேன்னு பாத்துட்டு நேத்துதான் கேன்சல் பண்ணேன்."

அன்றைக்கு அவள் டிக்கெட்டைப் பற்றிச் சொன்னபோது நான் என்ன எழுதினேன் என்று திருப்பிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

"மாப்பிள்ளைகிட்ட போனைக் குடு" என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சங்கரநயினார் என்ற பெயரைப் பத்திரிகையில் படித்ததோடு சரி.

"மைனி, நல்லாருக்கியளா?" என்றார். கடையில் பாத்திரங்கள் மோதுகிற சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை, தீபாவளிக்கு நீங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வரணும். முன்னாடியே கூப்பிட்டிருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பு என்ன மைனி, நீங்க கூப்பிட்டதே போதும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க அக்கா செங்கோட்டைல இருக்கா. சென்னைல இருந்து கூப்பிடலன்னு தெரிஞ்சதும், அப்போ தலை தீபாவளிக்கு இங்க வாங்கன்னு நேத்துச் சொன்னா. நாங்களும் சரின்னுட்டோம். பலகாரத்துக்கு மாவெல்லாம் இடிச்சுட்டா. இனி மாத்துனா அவ மனசு சங்கடப்படும், பாத்துக்கிடுங்க."

அவருக்கும் ஒரு அக்கா. அந்த மனசு எனக்குத் தெரியாதா?

"வேண்டாம் மாப்பிள்ளை. அங்கேயே போங்க" என்றேன்.

"தலைப்பொங்கல் இருக்குல்லா. அதுக்கு உறுதியா வாரோம்."

மணி திரும்பப் போனை வாங்கி, "அக்கா, அந்தத் தவளையைப் பட்டினி போட்டுடாதே. அதுக்கும் சாப்பாடு போடு. அது என்ன பண்ணும், அதோட சுபாவம்" என்றாள். போடுகிறேன் என்றேன்.

அக்டோபர் 18, சனி

ஒரு பட்டுக்கரை வேட்டியும் ஊதா நிறத்தில் ஒரு புடவையும் வாங்கினேன். மணிக்கு ஊதா எடுப்பாக இருக்கும். மூலையில் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இனி கூரியரில் போட்டால் தீபாவளி கழிந்துதான் போய்ச் சேரும். பொங்கலுக்கு வரும்போது கொடுக்கலாம். அதற்கும் புதிதாக எடுக்கத்தான் வேண்டும், பரவாயில்லை.

தடியனுக்குப் புழு போட்டேன். இரண்டு கையாலும் அள்ளித் தின்றான்.

அக்டோபர் 19, ஞாயிறு

லோகநாயகி வீட்டில் பேத்திகள் வந்து இறங்கிவிட்டார்கள். மாடிப்படியெல்லாம் ஒரே சத்தம். நாளைக்குச் சாப்பிட வரச்சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டேன். இந்த முறை கை நனைத்துவிட்டுத்தான் வருவேன்.

அதிரசத்துக்குப் பாகு வைத்தேன். மணிதான் வழக்கமாகப் பாகுப் பதம் பார்ப்பாள். முறுகிவிட்டது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

விடிவதற்குள் தெருவே அதிர ஆரம்பித்துவிட்டது. எழுந்து எண்ணெய் காய்ச்சினேன். மிளகும் ஒரு வெற்றிலையும் கிள்ளிப் போட்டேன். குளித்து, போன வருஷத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு விளக்கேற்றி உட்கார்ந்தேன். வெடிமருந்து வாடை ஜன்னல் வழியாக வந்தது.

போன் அடித்தது. மணிதான். பின்னால் யார் யாரோ பேசும் சத்தம். யாரோ ஒரு அம்மாள், "மணி, சீயக்காய் போதுமா?" என்று கேட்கிறாள். அந்த அக்காவாக இருக்கும். குரல் நல்ல குரலாக இருந்தது.

"அக்கா" என்றாள். தவளையைப் பற்றிக் கேட்கவில்லை. "நீ எப்படி இருக்கே?"

எனக்கென்ன என்ற வழக்கமான பதில் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எண்ணெய் தேய்ச்சேன் மணி" என்றேன். "முதுகுக்குத்தான் கை எட்டல."